பெரிய மேகத்தின் எடை

வேண்டுமென்றே செய்திருந்தால், சரி, செய்த வினைக்கு அனுபவிக்கிறாள் என்று விட்டுவிடலாம். இல்ஹாம் வேண்டுமென்று செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, பாதி கடித்த சமோசா கையிலிருக்க, திரையில் கிடந்த அட்டவணையை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசி வரியில் பெரிய மாகெல்லன் மேகம். அதற்கு நேரே எழுபத்தைந்து கோடி என்று போட்டிருந்தது. அவளைக் கேட்காமலேயே அவள் மூளை ஒரு வகுத்தலைப் போட்டு முடித்துவிட்டது. நான்கு.

அந்த நிமிடத்தோடு அவள் கெட்டாள்.

இதில் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்தக் கூட்டத்தின் சட்டம் அப்படி. கேப் டவுனில் மலையடிவாரத்து மையம் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, பிரபஞ்சம் கைக்குழந்தையாக இருந்த காலத்து நட்சத்திரத் திரள்களை எடை போடுகிறவர்கள் அவர்கள். தராசு கிடையாது. அங்கிருந்து வந்து சேரும் துளி வெளிச்சத்தைப் பல ஃபில்டர்களில் வடித்து, இது எத்தனை சூரியன் சேர்ந்தால் வரக்கூடிய வெளிச்சம் என்று கணக்கிடுவார்கள். அதில் ஒரு வியாதி உண்டு. வருகிற எண் மனசுக்குப் பிடித்ததாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவோம். பிடிக்காவிட்டால் எங்கே தப்பு, எங்கே தப்பு என்று தோண்டித் தோண்டி, பிடித்த எண் வருகிற வரைக்கும் ஓயமாட்டோம். மனுஷப் புத்தி!

அதற்காகத்தான் பூட்டு. எல்லா எடைகளையும் ஒரே ரகசிய எண்ணால் பெருக்கியோ வகுத்தோ மாற்றிவிடுவார்கள். அந்த எண் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபராய்க்கு மட்டும்தான் தெரியும். ஹராரேக்காரன், வாயைப் பிடுங்கினாலும் பேச்சு வராது. வேலை எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் குறித்து, கேக் வைத்து, பெட்டியைத் திறப்பார்கள். திறந்த பின் யாரும் எதையும் மாற்றக் கூடாது. திறக்கும் முன்பே எண்ணைத் தெரிந்துகொண்டவர் அளவையில் கை வைக்கக் கூடாது, கட்டுரையில் அவர் பெயரும் வராது. சட்டம் போட்டவர் பேராசிரியர் ஹெஸ்டர் ரூ. தன்னோடு ஒன்றாகப் படித்த சிநேகிதரையே இந்தச் சட்டத்தால் வெளியேற்றியவர்.

பெரிய மேகமோ, பெயர்தான் மேகம், நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு நட்சத்திரத் திரள், கேப் பக்கத்துப் பிள்ளைகள் கரண்ட் போன நேரத்தில் அண்ணாந்தாலே கண்ணில் படுவது. அதன் எடை முந்நூறு கோடிச் சூரியன் என்பது இவர்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். கணக்கு ஒழுங்காக ஓடுகிறதா என்று சரிபார்க்க அதையும் கடைசி வரியில் போட்டிருந்தார்கள். பூட்டுப் போடும் முன் ஃபராய் அந்த வரியை எடுத்திருக்க வேண்டும். மறந்துவிட்டான். பூட்டைப் போட்டு, சாவியைப் பக்கத்து ஆணியிலேயே மாட்டி வைத்த கதை.

எழுபத்தைந்து, முந்நூறு. ஆகவே நான்கு. ஆகவே அட்டவணையிலிருந்த ஏழு திரள்களில் பெரியது, இரண்டாயிரத்து ஐந்நூறு கோடி என்று சாதுவாக உட்கார்ந்திருந்ததே, அது உண்மையில் பத்தாயிரம் கோடிச் சூரியன். அந்த வயசுப் பிரபஞ்சத்தில் அவ்வளவு நட்சத்திரம் எப்படி முளைக்கும்? பிறந்த குழந்தைக்கு மீசை இருந்த மாதிரி. வெளியே சொன்னால் உலகம் முழுக்கப் பேசும்.

அந்த நிமிடமே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எண் உறுத்தியது. உறுத்தியதால் ஃபில்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். மூன்றாவது ஃபில்டரில் இருந்தது வில்லங்கம். மற்றதெல்லாம் ஒழுங்காகப் போக, மூன்றாவதில் மட்டும் வெளிச்சம் குபீரென்று ஏறி, அடுத்ததிலேயே இறங்கிவிட்டது. நட்சத்திரங்கள் அப்படி எரியாது. நட்சத்திரங்களுக்கு நடுவே கிடக்கும் வாயுதான் சூடேறி ஒரே நிறத்தில் அப்படிக் கத்தும். அந்த வாயுவின் வெளிச்சத்தைக் கழிக்கிற பகுதியை, கணக்கு சீக்கிரம் ஓட வேண்டும் என்று யாரோ எப்போதோ நிறுத்தி வைத்திருந்தார்கள். வாயுவையும் நட்சத்திரம் என்று நினைத்து எடை போட்டாகிவிட்டது. இல்ஹாமின் அப்பா அத்லோனில் சின்ன லாரியில் ஸ்னூக் மீன் விற்கிறவர். ஐஸோடு சேர்த்து மீனை நிறுக்கிற வியாபாரிகளை அவர் திட்டுகிற திட்டைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. இது அதேதான். ஐஸைத் தட்டிவிட்டு நிறுத்துப் பார்த்தாள். சுமார் ஆயிரத்து இருநூறு கோடி. எல்லோரும் எதிர்பார்க்கிற, சாதாரண எடை.

தப்பைக் கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. எண் தெரியாமல் இருந்திருந்தால் மூன்றாவது ஃபில்டரைத் திறந்து பார்த்திருப்பாளா? மாட்டாள். எந்த வியாதிக்குப் பயந்து பூட்டுப் போட்டார்களோ, அந்த வியாதியிலேயே அவள் தப்பைக் கண்டுபிடித்திருக்கிறாள். அவள் திருத்தினால் அது திருத்தம் இல்லை, திருட்டு. சொல்லிவிட்டால் கட்டுரையிலிருந்து பெயர் போகும். அவளுடைய முனைவர் ஆய்வேடே அந்தக் கட்டுரைதான். நான்காம் வருஷம், டிசம்பரோடு இடம் முடிகிறது, மையம் ஒரு நாள்கூட நீட்டிக்காது. சொல்லாமல் விட்டாலோ, ஐஸோடு நிறுத்த மீன் அவள் பெயர் போட்டு உலகத்துக்குப் போகும். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

புதன்கிழமை தேநீர் வேளையில் பந்தயம். அது அங்கே வழக்கம். பெட்டி திறக்கும் முன், ஏழில் பெரியது என்ன எடை வரும் என்று ஆளுக்கு ஒரு எண்ணைத் தேநீர் அறைப் பலகையில் எழுதுவார்கள். ரொம்பத் தப்பாகப் போட்டவர், ரொம்பச் சரியாகப் போட்டவருக்குச் சுடுவதற்குக் கறி வாங்கித் தர வேண்டும். ஃபராய்க்கு உண்மை தெரியும் என்பதால் அவன் நடுவர்.

பேராசிரியர் எண்ணூறு கோடி என்று எழுதிவிட்டுக் கையில் ஒட்டிய சுண்ணத்தூளைத் தட்டிக்கொண்டார். அடுத்து எழுந்தவன் மோண்டே. இல்ஹாமுக்கு ஒரு வருஷம் பின்னால் சேர்ந்த ஆய்வு மாணவன். ம்தாத்தாவிலிருந்து வந்தவன், பேச்சிலும் சிரிப்பிலும் குறை வைக்காதவன். பலகையில் பெரிதாக எழுதினான்: பத்தாயிரம் கோடி.

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். "ஏன்டா மோண்டே, எனக்குக் கறி வாங்கித் தரணும்னு ஆசையா இருந்தா நேரா சொல்லிடேன்! எதுக்கு இந்தச் சுத்து?"

"பெருசா நெனைக்கணும் ப்ரொஃப். நீங்கதான் சொன்னீங்க."

"பெருசா நெனைக்கச் சொன்னேன். பைத்தியமா நெனைக்கச் சொன்னேனா?"

ஃபராய்கூடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். இல்ஹாம் மட்டும் தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதைக் கீழே வைத்தாள்.

"சிசி, உன் முறை," என்றான் மோண்டே. தன் ஊர் வழக்கப்படி அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். "என்ன முழிக்கறே? காசா கேக்கறாங்க? ஒரு நம்பர் போடு."

"எனக்கு வேண்டாம்."

"அட, போடு பிள்ளே," என்றார் பேராசிரியர். "உன் திரளுங்க, உன் கட்டுரை. நீ போடாம யார் போடுவா?"

சுண்ணக்கட்டியைக் கையில் திணித்துவிட்டார்கள். எண்ணூறு என்று போட்டிருக்கலாம், மூவாயிரம் என்று போட்டிருக்கலாம். பொய்யாக ஒரு எடையை எழுத அவளுக்குக் கை வரவில்லை. ஆயிரத்து இருநூறு என்று எழுதினாள்.

அன்று மதியம் கணினி அறையில் மோண்டேயின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தான் சொன்னதாக இல்லாமல் அவனாகவே கண்டுபிடித்தால் போதும், எல்லாம் தப்பிக்கும் என்று ஒரு யோசனை.

"மோண்டே, அந்த மூணாவது ஃபில்டர் கொஞ்சம் தூக்கலா இருக்கற மாதிரி இல்ல?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "எதுல?"

"ஏழுலயும்."

"வெள்ளிக்கிழமை பெட்டி திறக்கறாங்க சிசி. பந்தியில உக்காந்தப்புறம் போய் அடுப்பக் கிண்டாத." பிறகு திரும்பினான். சிரிப்பு இல்லை. "உனக்கு எதுக்குத் திடீர்னு தோணுச்சு?"

"சும்மா."

"இத்தன மாசமா தோணாதது, இப்ப சும்மாவா தோணுது?"

அதற்கு மேல் அங்கே நிற்க அவளுக்குத் தைரியம் இல்லை. வெளியே தென்கிழக்குக் காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்று அடிக்கிற நாளில் மையத்தில் ஒரு ஜன்னலையும் திறக்க விடமாட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, மரங்கள் சாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

வியாழக்கிழமை காலை வேனில் வரும்போது நடத்துநர்ப் பையன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி "மோப்ரி! காப்!" என்று வேன் போகிற இடங்களைக் கத்திக்கொண்டே வந்தான். பக்கத்தில் ஒரு அம்மாள் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு பட்டம் வாங்கிவிடு என்று மனசு சொன்னது. கட்டுரை வெளிவந்த பிறகு வேறு யாராவது கண்டுபிடிக்கட்டும், அறிவியல் அப்படித்தானே நடக்கிறது என்று நைச்சியமாகச் சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஏழு எண்ணுக்கும் மேலே "இல்ஹாம் சாலி" என்று இருக்குமே! ஆயுசுக்கும் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் ஐஸ் உருகுகிற சத்தம் கேட்குமே! மோப்ரியில் இறங்கும்போது முடிவு செய்துவிட்டாள். சந்தோஷமாக ஒன்றும் இல்லை.

தேநீர் அறையில் மூவரும் இருந்தார்கள்.

"ப்ரொஃப், எனக்குப் பூட்டு எண் தெரியும்."

பேராசிரியர் ரூ இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். நரைத்த தலை, பெரிய பதவி, குழந்தை மாதிரி பொத்திக்கொண்டார். "சொல்லாத! எண்ணை மட்டும் சொல்லிடாத!"

"சொல்லல. பெரிய மேகம் அட்டவணையில அப்படியே இருக்கு. பாத்தேன். தானா வகுத்துடுச்சு."

ஃபராய் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயையோ! அந்த வரி! நான் எடுக்கல... ப்ரொஃப், என் தப்பு, அவ மேல ஒண்ணும் இல்ல."

"நீ கொஞ்சம் சும்மா இரு. எப்ப பாத்த பிள்ளே?"

"செவ்வாய்க்கெழம. அன்னிக்கே சொல்லியிருக்கணும். அதுக்கப்புறம் மூணாவது ஃபில்டரையும் பாத்துட்டேன். வாயு வெளிச்சத்தக் கழிக்கவே இல்ல. ஏழும் தப்பு."

பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார்.  கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "உண்மையச் சொன்னவளத் தண்டிக்கறேன்னு எனக்குத் தெரியுது. சொன்னதுக்காக இல்ல, தெரிஞ்சதுக்காக. உன் பேர் கட்டுரையில வராது."

"ஆய்வேடு?"

"டிசம்பருக்குள்ள வேற ஏதாவது எழுத முடியுமான்னு பாக்கலாம்." முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"அந்த ஃபில்டர் ப்ரொஃப்? அத என்ன செய்வீங்க?"

"எண் தெரியாத கை ஒண்ணு இருந்தா, அது போய்ப் பாக்கட்டும். வாயு இருந்தா கழிக்கட்டும். ஃபராய் வேற பூட்டுப் போடுவான். தெரியாத கை இல்லேன்னா ஒண்ணும் செய்ய முடியாது, நாளைக்கு அப்படியே திறப்போம், அப்படியே வெளிய போகும். எனக்கு இந்தக் கணக்கை ஓட்டத் தெரியாது. அது தெரிஞ்சவங்க நீங்க ரெண்டு பேர்தான்." பேராசிரியர் திரும்பினார். "மோண்டே. நீ அந்த வரியப் பாத்தியா? உனக்கு எண் தெரியுமா?"

"தெரியாது ப்ரொஃப்," என்றான் மோண்டே.

அவன் தலைக்கு நேர் மேலே பலகை. அதில் அவனுடைய பெரிய கையெழுத்து. பத்தாயிரம் கோடி.

இல்ஹாமுக்கு அப்போதுதான் உறைத்தது. புத்தி உள்ள எவனும் ஜெயிக்கும் என்று நம்புகிற எண்ணைத்தான் பந்தயத்தில் போடுவான். வகுத்துப் பார்க்காதவன் வாயில் பத்தாயிரம் எங்கிருந்து வரும்? ஃபராய் குனிந்து தன் ஷூவைப் பார்த்தான். அவனுக்கும் தெரியும். அவன் மறதியால் ஒரு ஆள் போயாகிவிட்டது, இன்னொருவரையும் அனுப்ப அவனுக்கு மனசு வரவில்லை.

வாயைத் திறந்தால் போதும். மோண்டேயும் அவளோடு வெளியே வருவான். தெரியாத கை என்று ஒன்றும் மிஞ்சாது. ஐஸோடு மீன் நாளைக்குக் கடைக்குப் போகும். வாயை மூடினால் எடை சரியாகும், பொய் சொன்னவன் பெயரில். பெட்டியைத் திறக்கும்போது திருத்தாத எடையையும் பக்கத்திலேயே காட்டுவார்கள். பத்தாயிரம் என்று திரையில் வரும். பேராசிரியர் தலையைத் திருப்பினால் பலகை.

இல்ஹாம் எழுந்தாள். அழிப்பானை எடுத்து, எண்ணூறு, பத்தாயிரம், ஆயிரத்து இருநூறு எல்லாவற்றையும் துடைத்தாள். ஈரத்துணியாலும் ஒரு தரம் துடைத்தாள்.

"அத எதுக்கு அழிக்கற?" என்றார் பேராசிரியர்.

"நான்தான் ஆட்டத்துல இல்லையே ப்ரொஃப். எண் தெரிஞ்ச ஒருத்தி போட்ட பந்தயம் செல்லாது. எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

மோண்டே அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

திறப்பு வெள்ளிக்கிழமையிலிருந்து அடுத்த வெள்ளிக்குப் போனது. இல்ஹாமையும் தேநீர் அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், கேக் சாப்பிட. கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். திரையில் இரண்டு எண்கள் வந்தன. வாயுவோடு, பத்தாயிரம் கோடி. வாயுவைக் கழித்தபின், ஆயிரத்து நூற்று எண்பது கோடி. எல்லோரும் கை தட்டினார்கள். பேராசிரியர் மட்டும் முதல் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெறும் பலகையைப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டினார். அவருக்கு ஞாபகம் வந்ததா இல்லையா என்று இல்ஹாமுக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் மதியம் அத்லோன் வீட்டுக் கதவைத் தட்டினான் மோண்டே. கையில் ஒரு பை. காற்றில் பை படபடத்தது.

"என்ன இது?"

"ஆட்டுக்கறி. உங்க தெரு முனை ஹலால் கடையிலதான் வாங்கினேன். நீ ஜெயிச்சுட்ட சிசி. ஆயிரத்து இருநூறு போட்டிருந்த. நான்தான் எல்லாரையும் விடத் தப்பு."

"பலகையில ஒண்ணும் இல்லையே."

"எனக்கு ஞாபகம் இருக்கு."

அவள் பையை வாங்கவில்லை. "நீ எப்ப வகுத்த?"

"திங்கக்கெழம. உனக்கு முன்னாடியே." அவன் வாசற்படியைப் பார்த்துப் பேசினான். "மூணாவது ஃபில்டரையும் அன்னிக்கே பாத்துட்டேன்."

இல்ஹாம் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற யாருக்காவது தெரியுமான்னு பாக்கணும்னுதான் பத்தாயிரம் போட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஃபராய்கூட நடிச்சுச் சிரிச்சான். நீ சிரிக்கல." பையை அடுத்த கைக்கு மாற்றினான். "அதுக்கப்புறம் நீ எங்கிட்ட வந்து மூணாவது ஃபில்டர்னு சொன்ன. இவ தாங்க மாட்டா, நாளைக்குச் சொல்லிடுவான்னு தெரிஞ்சுபோச்சு. ஒருத்தர் சொன்னாப் போதும்ல, சிசி? ரெண்டு பேரும் எதுக்குப் போகணும்?"

செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம். அப்பா வரும்வரை நிறுத்தி வைத்து நாலு பேர் முன்னால் கேட்டிருக்கலாம். பேராசிரியருக்கு ஒரு போன் போட்டிருந்தால் அவன் கதை அத்தோடு முடிந்திருக்கும். அந்தச் சரியான எடையும் அவனோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கும். அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் தைரியமாக வாசலில் நிற்கிறான்.

"கழிச்சப்போ ஏழையும் தனித்தனியா கழிச்சியா?" என்று கேட்டாள். "இல்ல, மொத்தமா ஒரே அளவா?"

"தனித்தனியா. ரெண்டு தரம் ஓட்டினேன்."

"அஞ்சாவது?"

"தொள்ளாயிரத்துப் பத்து."

அவள் மனசில் போட்டு வைத்திருந்ததும் அதேதான். ஒரு நொடி, வெட்கங்கெட்ட சந்தோஷம் ஒன்று அவளுக்குள் எட்டிப் பார்த்தது. பாவி, சரியாகத்தான் போட்டிருக்கிறான். அது வந்ததற்காகவே அவளுக்கு அழுகை வந்தது.

கறிப்பையை வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தப் போனாள். எதிர்காற்று, சாத்த முடியவில்லை. அவனும் வெளியிலிருந்து பிடித்துத் தள்ளிக் கொடுத்தான். கதவு மூடிக்கொண்டது.